புல்லுக்கு அடியில் இருந்த தகரம்

பிள்ளைகளே, இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து ஏறி இறங்கும் பலகை இருக்கிறதே, அதில் ஒருவர் மட்டும் தனியாக விளையாட முடியுமா?

முடியாது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பெண் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். காலாங் ஆற்றுப் பக்கம் போட்டிருக்கும் புதுப் பூங்காவில். அவள் உட்கார்ந்த பக்கம் பலகை தரையில் கிடந்தது. எதிர்ப்பக்கம் வெறுமையாக மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

அவள் பெயர் சரோஜா. எங்கள் பக்கத்து அறையில் இருப்பவள். என் இரண்டு பிள்ளைகளோடு அவளையும் நான்தான் அழைத்துப் போயிருந்தேன்.

முதலில் எதிர்ப்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்துதான் இருந்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு ஆடினார்கள். அதற்குள் அந்தப் பெண்ணின் அக்கா ஓடி வந்து காதில் ஏதோ சொன்னாள். சொன்னதும் தங்கை சட்டென்று குதித்து இறங்கிவிட்டாள். சரோஜாவின் பக்கம் தொப்பென்று தரையில் மோதியது.

“ஏன் இறங்கிட்டே?” என்று என் மகள் சண்டைக்குப் போனாள்.

“அவங்க வீட்டுல காவடியை நடுரோட்டுல இறக்கினவங்க. அதனாலதான் அவங்கப்பா செத்துட்டாரு. எங்கம்மா சேரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. சாமி குத்தம் நம்மளுக்கும் ஒட்டிக்கும் லா” என்றாள் அந்தத் தங்கை.

சரோஜா அழவில்லை. எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அழாத பிள்ளைக்கு இது பழகிப் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

அந்த இரண்டு பெண்களும் வாராவாரம் நான் எழுதும் இந்தச் சிறுவர் பகுதியைப் படிப்பவர்களாக இருக்கலாம். அவர்களைத் திட்டுவதற்காக நான் எழுதவில்லை. பெரியவர்கள் சொன்னதைத்தான் அவர்கள் சொன்னார்கள். ஆனால் நடந்தது என்ன என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் கூடவே இருந்தவன். சொல்கிறேன். இந்த வாரம் வேடிக்கைக் கதை கிடையாது… பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பூங்கா. அது இருக்கும் இடத்தைப் பற்றி உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன் மூக்கைப் பிடித்துக்கொள்வார்.

அது சதுப்பு நிலமாக இருந்த இடம். அதை மேடாக்க ஊர்க் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். தேக்கா மார்க்கெட் மீன் தலை, உடைந்த பீங்கான், கிழிந்த மெத்தை, துருப்பிடித்த தகரம், செத்த நாய் – எல்லாம் லாரியில் வந்து அங்கேதான் இறங்கும். பகல் முழுக்கப் புகை. காக்கைக் கூட்டம் கறுப்பாக மூடியிருக்கும். பாட்டில் பொறுக்கப் போகிறவர்களைத் தவிர யாரும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

பிறகு ஒரு நாள் குப்பை லாரி நின்றது. செம்மண் லாரி வந்தது. மண்ணைப் பரப்பி, உருளை ஓட்டி, புல் பதித்து, மரக்கன்று நட்டு, ஊஞ்சலும் பெஞ்சும் போட்டார்கள். சிராங்கூன் ரோட்டுக்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். நல்ல காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒரே அறையில் சமைத்து, ஒரே அறையில் படுத்து எழுகிற நமக்கு, பிள்ளைகளை ஓடவிட ஓர் இடம் கிடைத்தது.

ஆனால் மண்ணைப் போட்டு மூடினால் உள்ளே இருப்பது இல்லாமல் போய்விடுமா?

வாழைத்தோல் மக்கிப் போகும். கண்ணாடி மக்காது. தகரம் துருப்பிடிக்குமே தவிர சீக்கிரத்தில் கரையாது. மழை பெய்யப் பெய்ய மேல்மண் இறங்குகிறது. அடியில் இருப்பது தலையை நீட்டுகிறது. போனவர்கள் பார்த்திருப்பீர்கள் – புல்லுக்கு நடுவே ஒரு பாட்டில் கழுத்து, அரைத் தட்டு, பொம்மையின் கை.

சரோஜாவின் அப்பா மாணிக்கம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரமான ஆள், பெரிய குரல். கிண்டா ரோட்டில் எங்கள் கடைவீட்டு மாடியில் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் குடும்பம், இந்தப் பக்கம் நாங்கள். மாணிக்கம் சிரித்தால் கீழே மளிகைக்கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்.

சரோஜாவுக்கு ஒரு சமயம் தொண்டை அடைப்பான் வந்தது. தொண்டைக்குள் வெள்ளையாகப் படர்ந்து மூச்சை நிறுத்துகிற வியாதி. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பிள்ளை நீலமாகிவிட்டாள். அவளை உள்ளே கொண்டுபோனதும் மாணிக்கம் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று நேர்ந்துகொண்டார்: பிள்ளை உயிரோடு வந்தால் நாக்கில் வேல் குத்தி, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன்.

பிள்ளை உயிரோடு வந்தாள்.

மாணிக்கம் மாலை போட்டு விரதம் தொடங்கினார். ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை, காலில் செருப்பு இல்லை. கிரேன் ஏணியில்கூட வெறுங்காலோடு ஏறினார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, மழை விட்டதும் இரண்டு குடும்பமும் பூங்காவுக்குப் போனோம்.

“அண்ணே, செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாருங்க. மெத்தை மாதிரி அமுங்குது” என்றார் மாணிக்கம்.

“அடியில கிழிஞ்ச மெத்தைதானே கிடக்குது, அமுங்காம என்ன செய்யும்” என்றேன். அவர் சிரித்தார்.

பிள்ளைகள் உதைத்த பந்து ஒரு பள்ளத்துப் பக்கம் உருண்டது. அதை எடுக்க ஓடியவர் ஒரு கால் வைத்ததும் “ஸ்ஸ்” என்று உட்கார்ந்துவிட்டார். பால் டின் மூடி. பாதி மண்ணுக்குள், பாதி புல்லுக்குள். முழுக்கத் துரு. உள்ளங்காலில் ஆழமாக இறங்கியிருந்தது. அவர் மனைவி பார்வதி முந்தானையால் அழுத்திப் பிடித்தார்.

“ஒண்ணுமில்ல, பயப்படாதே” என்றார் மாணிக்கம். “காவடிக்கு முன்னாடியே முருகன் ஒரு அலகு குத்திப் பாத்துக்கிட்டாரு.”

மறுநாள் காலையில் நான் வற்புறுத்தி அவரை டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸர் யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமைசாலி. புண்ணை விரித்துக் கழுவினார், மருந்து வைத்துக் கட்டினார்.

“எவ்விடத்தில குத்தினது?”

நான் பூங்காவின் பெயரைச் சொன்னேன்.

“அந்தக் குப்பை மண்ணோ? அதில உடம்பை முறுக்கிற நோய் இருக்கும். ஊசி போடத்தான் வேணும். தம்பி, முந்தி எப்பவாவது குதிரை மருந்து போட்டதோ? இழுப்பு, உடம்பு தடிக்கிறது, ஏதும் இருக்கோ?”

“குதிரை மருந்தா?” என்றார் மாணிக்கம்.

“ஓம். குதிரையின்ர ரத்தத்திலயிருந்து எடுக்கிற மருந்து. சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதுதான் கேக்கிறன்.”

மாணிக்கம் சுருட்டியிருந்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

“ஐயா, நான் மாலை போட்டிருக்கேன். வீட்டுக்குள்ள முட்டைகூட வர்றதில்ல.”

“ரத்தமெண்டு நினையாதையும். வடிச்சுத் தெளிச்செடுத்தது. தண்ணி மாதிரி இருக்கும்.”

“தண்ணி மாதிரி இருக்கலாம். குதிரைக்குள்ள இருந்த தண்ணிதானே?”

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். டிரெஸரும் சிரித்துவிட்டார். “முருகன் குதிரையிலயும் ஏறுறவர், தெரியுமோ?”

“ஏறுவாரு ஐயா. உள்ள ஏத்திக்க மாட்டாரு. காவடி இறக்கின மறுநாளே வந்து நிக்கிறேன். அப்போ குதிரையோ யானையோ, ரெண்டு ஊசியாப் போட்டு விடுங்க.”

இதற்கு டிரெஸர் சிரிக்கவில்லை. “உந்த நோய்க்கு நாள் நட்சத்திரம் தெரியாது, தம்பி” என்றார்.

அந்த நல்ல மனிதரை யாரும் குறை சொல்லக் கூடாது. அவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் மன்றாடினேன். கேட்பதாக இல்லை. கடைசியில் தெருமுனையில் நின்று சொன்னார்: “அண்ணே, எனக்காகன்னா இப்பவே போட்டுக்குவேன். இது பிள்ளைக்கு நேர்ந்தது. விரதத்துல ஒரு குறை வெச்சு, நாளைக்கு அவளுக்கு மறுபடி தொண்டை அடைச்சா, நான் யாருகிட்ட போய் நிப்பேன்?”

எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறகு நான் வற்புறுத்தவில்லை.

புண் அழகாக ஆறியது. அதுதான் மோசம். மேலே தோல் மூடிக்கொண்டது, வீக்கம் வடிந்தது. “பாத்தீங்களா அண்ணே, வேலன் வைத்தியம்” என்று காலைத் தூக்கிக் காட்டினார். நானும் நம்பிவிட்டேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் அவரால் சோற்றை மெல்ல முடியவில்லை. தாடை வலிக்கிறது, கழுத்து பிடித்துக்கொண்டது என்றார். வீட்டில் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னோம்: விரதச் சூடு. பார்வதி இளநீர் கொடுத்தார். அதையும் பல்லிடுக்கு வழியாகத்தான் உறிஞ்சினார்.

மறுநாள் காலையில், காவடிகள் புறப்படும் பெருமாள் கோயிலில் கூட்டம் நெரிந்தது. சாம்பிராணிப் புகை, உறுமி, நாதஸ்வரம். காவடியைத் தோளில் ஏற்றியாயிற்று. நாக்கில் வேல் குத்துகிறவர் முன்னால் வந்து, “வாயைத் திற அப்பா” என்றார். மாணிக்கத்தின் வாய் திறக்கவில்லை. விபூதி பூசினார்கள், எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். பல் கிட்டிப் போயிருந்தது.

“அருள் முந்திக்கிச்சு” என்றார் வேல் குத்த வந்தவர். “முருகனே வாயைக் கட்டிட்டாரு. வேல் வேணாம், இப்படியே போகட்டும்.”

கேட்டவர்களுக்கெல்லாம் உடம்பு சிலிர்த்தது. எனக்கும்தான்.

ஊர்வலம் சிராங்கூன் ரோட்டில் நகர்ந்தது. பெண்கள் குடம் குடமாகக் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். உறுமியில் அடி விழும்போதெல்லாம் மாணிக்கத்தின் முதுகு வில்லாக வளைந்து துடித்தது. அடி பலமானால் துடிப்பும் பலமானது. பார்த்தவர்கள் பரவசப்பட்டு இன்னும் சத்தமாக “வேல் வேல்” என்றார்கள். யாரோ ஒரு வயதான அம்மாள் அவர் காலில் விழுந்து கும்பிட்டார். இன்னொருவர் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவர் முன் நீட்டினார்.

சிலிகி ரோடு திரும்பும் இடத்தில் சரோஜா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“மாமா, அப்பா ஏன் அப்படிச் சிரிக்கிறாங்க?”

நிமிர்ந்து பார்த்தேன். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டுப் பல் தெரிந்தது. புருவம் ஏறியிருந்தது. சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

“எங்கப்பா சிரிச்சா சத்தம் வரும் மாமா.”

பிள்ளைகளே, அருள் வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கண் நம்மைப் பார்க்காது, எங்கோ இருக்கும். மாணிக்கத்தின் கண் என்னைப் பார்த்தது. நேராக என்னைத்தான் பார்த்தது. அவருக்குள் எல்லாம் தெளிவாக இருந்தது… வாய்தான் திறக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு டிரெஸர் சொன்னது ஞாபகம் வந்தது.

“மேளத்தை நிறுத்துங்க” என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? உறுமிக்காரர் கையைப் பிடித்தேன். கூட வந்தவர்கள் என்னைத் தள்ளினார்கள். “சாமி வந்து நிக்குது, நடுவுல வந்து கெடுக்காதீங்க” என்றார் ஒருவர். இன்னொருவர் நான் குடித்திருக்கிறேனா என்று மோந்தே பார்த்தார்.

மாணிக்கம் சரிந்தார். நாலு பேர் காவடியோடு தாங்கிப் பிடித்தார்கள். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். தண்ணீர் பட்டதும் உடம்பு மறுபடி வளைந்தது. “தூக்கிக்கிட்டே போயிரலாம், காவடியை வழியில இறக்கக் கூடாது” என்றார்கள். காவடி போய்ச் சேர வேண்டிய டேங் ரோடு கோயில் இன்னும் எவ்வளவோ தூரம்.

நான் பார்வதியிடம் போனேன். “தங்கச்சி, இது அருள் இல்ல. கால்ல குத்துன தகரம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

பார்வதி புருஷன் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தார். எந்தப் பிள்ளைக்காக நேர்ந்த காவடியோ அந்தப் பிள்ளை. அந்த நிமிஷம் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? எனக்கு எழுதத் தெரியவில்லை.

“இறக்குங்க” என்றார்.

யாரும் அசையவில்லை. பார்வதியே போய்த் தோள் பட்டையின் முடிச்சை அவிழ்த்தார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். காவடியை ரோட்டோரத்தில் ஒரு கடை வாசலில் சாய்த்து வைத்தோம். மாணிக்கத்தை டாக்ஸியில் ஏற்றினோம். கூட்டம் விலகி வழிவிட்டது, ஆனால் ஒருவரும் கூட வரவில்லை.

அந்த நோய்க்கு டெட்டனஸ் என்று பெயர். துருவிலும் மண்ணிலும் குப்பையிலும் அதன் கிருமி கிடக்கிறது. ஆழமான புண்ணுக்குள் போனால் முதலில் தாடை இறுகும், பிறகு உடம்பெல்லாம் இறுகும். சத்தம் கேட்டால், வெளிச்சம் பட்டால், யாராவது தொட்டால் உடம்பு வளையும். நாங்கள் அவருக்கு மேளம் அடித்தோம், தண்ணீர் ஊற்றினோம், கூவினோம். அன்பால்தான் எல்லாம் செய்தோம்.

ஆஸ்பத்திரியில் இருட்டு அறையில் படுக்க வைத்தார்கள். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினார்கள். ஊசி அப்போது போட்டார்கள். நேரம் கடந்துவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் மாணிக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தெரு பேசத் தொடங்கியது. தகரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. போடாத ஊசியைப் பற்றியும் பேசவில்லை. பார்வதி காவடியை நடுவழியில் இறக்கினார், அதனால் புருஷன் செத்தார். அவ்வளவுதான் கதை. எத்தனை சுலபம், பாருங்கள். தகரத்தைத் திட்டி என்ன கிடைக்கும்? ஒரு பெண்ணைத் திட்டினால் கேட்டுக்கொண்டாவது நிற்பாள்.

பார்வதி இப்போது ஒரு வீட்டில் துணி துவைக்கிறார். வழியில் கோயில் வந்தால் எதிர்ப்பக்கம் ரோட்டைக் கடந்து நடக்கிறார். சாமி மேல் கோபமில்லை என்கிறார். வாசலில் நிற்கிறவர்கள் பார்க்கிற பார்வைதான் தாங்கவில்லையாம்.

போன ஞாயிறு பூங்காவிலிருந்து திரும்பி வரும்போது என் பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டார்கள். சரோஜா என் பக்கத்தில் நடந்தாள். லவண்டர் ஸ்திரீட் தாண்டியதும் கேட்டாள்.

“மாமா, எங்கப்பா காவடி கோயிலுக்குப் போய்ச் சேரலையே. எனக்கு மறுபடி தொண்டை அடைச்சுக்குமா?”

இதை எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாளோ. அவளுக்குத் தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் தொண்டையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது என்று என் மகள் முன்பே சொல்லியிருந்தாள். எனக்குத்தான் விளங்கவில்லை.

அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் பல மாதமாக வைத்திருந்த ஒரு விஷயம் உண்டு. மாணிக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அங்கே நர்ஸாக இருந்த ஒரு தமிழ் மிஸ்ஸி, முன்பே ஏன் ஊசி போடவில்லை என்று கேட்டார். விரதத்தையும் குதிரை ரத்தத்தையும் சொன்னேன். யாருக்காக விரதம் என்று கேட்டார். சரோஜாவின் வியாதியைச் சொன்னேன். “தொண்டை அடைப்பானுக்குப் போடுறதும் குதிரைகிட்டேருந்து எடுக்கிற மருந்துதாங்க” என்றார் மிஸ்ஸி.

அதைச் சரோஜாவிடம் சொன்னேன்.

“உனக்கு மறுபடி வந்தாலும் அதுக்கு மருந்து இருக்குதும்மா. காவடியால வராது, காவடி இல்லாததாலயும் வராது. அன்னிக்கு உனக்குப் போட்டாங்களே ஊசி, அதுவும் குதிரை மருந்துதான்.”

நின்றுவிட்டாள்.

“எனக்கா?”

“உனக்குத்தான்.”

“முருகன் கோவிச்சுக்கலையா?”

“கோவிச்சிருந்தா நீ என்கூட இப்படி நடந்து வருவியா?”

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தாள். பாரம் ஏதோ இறங்கின மாதிரி முகம் தெளிந்தது. நல்லவேளை, சொன்னது சரிதான் என்று நினைத்தேன். கிண்டா ரோட்டு முனையில் மறுபடி என் கையைப் பிடித்தாள்.

“இது எங்கப்பாவுக்குத் தெரியுமா மாமா?”

“தெரியாதும்மா.”

“யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல.”

சொல்லியிருக்கலாம். சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் இதை உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது மாலை போட்டிருந்தால் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பார்வதி மாமியைத் தெருவில் பார்த்தால் கைகூப்புங்கள். காவடியை இறக்கியது அவர் செய்த பாவமில்லை, அங்கே அன்று நடந்த சரியான வேலை அது ஒன்றுதான்.

காலில் ரத்தம் வந்தால் முதலில் டிஸ்பென்சரிக்குப் போங்கள் பிள்ளைகளே. சாமியிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அவர் காத்திருப்பார்.